அவர்கள் பெயர் இருந்த இடத்தில் என் கடைப் பெயர்

மலேசியாவின் கிள்ளானில் நான் சிடி கடை வைத்திருந்த காலத்தில் விற்றதில் பெரும்பகுதி திருட்டு நகல். அதிகாரிகளைத் தவிர வேறு யாரிடமும் அதை மறைத்ததில்லை. அந்தத் தொழிலில் இருந்தவர்கள், வாங்கியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். நான் மறைத்தது வேறு. மூன்று பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு ராப் குழுவின் பாட்டிலிருந்து அவர்கள் பெயரை வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் என் கடைப் பெயரைப் போட்டு விற்றேன். அது யார் பாட்டு என்று கேட்டு வந்தவரிடம் பொய்யும் சொன்னேன். அந்தக் குழு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. அது கலைந்ததற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கடை ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய சந்தில் இருந்தது. புடவைக் கடைகளும் பூக்கடைகளும் நெருக்கியடிக்கும் பகுதி. முன்பக்க அலமாரியில் ஒரிஜினல் சிடிகளை அடுக்கியிருப்பேன். 2003 முதல் மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு ஒரிஜினல் தட்டிலும் அரசாங்கத்தின் ஹோலோகிராம் முத்திரை இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த முத்திரை பளபளக்கும் வரிசை, வருகிற அதிகாரிகளின் கண்ணுக்கு. திரைக்குப் பின்னால் ஒரு கணினியும், ஒரு தட்டைப் படித்து ஏழு தட்டில் ஒரே நேரத்தில் எழுதும் நகல் இயந்திரமும் இருந்தன. எழுதி முடித்து வெளியே வரும் தட்டு கையில் சுடும். அது ஆறுவதற்குள் அட்டைப் படத்தை வண்ணப் பிரிண்டரில் அடித்து, பிளேடால் நறுக்கி, உறைக்குள் செருகி முடித்துவிடுவேன். விலை ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட்.

பிடிபட்டால் ஒவ்வொரு நகலுக்கும் 2,000 ரிங்கிட்டிலிருந்து 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டம் சொன்னது. உள்நாட்டு வாணிப அமைச்சின் வண்டி திரும்பும்போதே தெருமுனையிலிருந்து யாராவது போன் அடித்துவிடுவார்கள். நான் பிடிபடவே இல்லை. தண்டனை எதுவும் இல்லாமல் தப்பித்தவன் எழுதுகிறேன் என்பதைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2006-இல் ‘வல்லவன்’ வந்தது. யோகி பி அண்ட் நட்சத்திரா என்ற பெயரில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்து செய்த தொகுப்பு. யோகி பி எங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்தவர். 1990களில் பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தவர். ஆங்கிலம், மலாய், தமிழ், கேன்டனீஸ் என்று இந்த நாட்டில் தெருவில் கேட்கிற மொழிகளையெல்லாம் ஒரே குழுவுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனாலும் தமிழ் அங்கே பல மொழிகளில் ஒன்றாகத்தான் இருந்தது. ‘வல்லவன்’ தொகுப்பில்தான் தமிழ் நடுவீட்டில் உட்கார்ந்தது.

அதற்கு முன் தமிழில் ராப் என்றால் எங்களுக்கு 1994-இல் வந்த ‘காதலன்’ படத்தின் பேட்டை ராப்தான் நினைவுக்கு வரும். துள்ளலான பாட்டு, ஆடலாம், சிரிக்கலாம். இவர்கள் மூவரும் கொண்டுவந்தது வேறு. எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக வந்து விழுகிற, நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற தமிழ். தோட்டங்களை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளில் ஒடுங்கிப்போன குடும்பங்களின் பிள்ளைகள் அதைக் கேட்டு நிமிர்ந்ததை நான் கடையில் நின்று பார்த்தேன். பள்ளியில் தமிழ்க் கட்டுரை எழுதத் தயங்கிய பையன்கள் வேகமான வரிகளை மூச்சு விடாமல் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

அந்தத் தொகுப்பில் எல்லாருக்கும் பிடித்தது ‘மடை திறந்து’. அதன் மூலப் பாட்டு 1980-இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் வந்தது. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். இசையமைப்பாளராக வேண்டும் என்று அலைகிற ஓர் இளைஞனின் கனவு அந்தக் காட்சி. படம் ஓடவில்லை, பாட்டு நிலைத்தது. வாய்ப்புக்கு ஏங்கும் ஒருவனின் பாட்டை கோலாலம்பூரில் வாய்ப்புக்கு ஏங்கிய பையன்கள் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போதே மிகப் பொருத்தமாகப் பட்டது. ‘வல்லவன்’ தொகுப்பின் முதல் பிரதியை நான் ஒரிஜினலாகத்தான் வாங்கினேன். அன்று இரவு கடையை அடைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். கேட்டு முடித்ததும் அதே தட்டை நகல் இயந்திரத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் விற்ற அதன் அத்தனை நகலும் காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு தட்டிலிருந்து வந்தவை.

அப்போது என்னிடம் மூன்று நியாயங்கள் இருந்தன. நம் ஆட்களிடம் காசு இல்லை, ஒரிஜினல் வாங்க முடியாது என்பது முதலாவது. ஆனால் வாங்கியவர்கள் பலர் அதே தெருவில் அதைவிட அதிகமாகச் செலவழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வாங்க முடியாதவர்கள் இருந்தார்கள், உண்மை. எல்லாரையும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது நான்.

நகல் பரவினால்தான் பாடகனுக்குப் பேர் கிடைக்கும் என்பது இரண்டாவது. அந்தப் பேரை நான் என்ன செய்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

யோகி பி குழுவினரே இளையராஜா பாட்டைத்தானே எடுத்தார்கள், நான் எடுத்தால் என்ன என்பது மூன்றாவது. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுழலவிட்டு, அதன்மேல் புதிதாகச் சொல் கட்டுவது ஹிப்ஹாப்பின் அடிப்படை வேலை. அந்த மூவரும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை மறைக்கவில்லை. தலைப்பிலேயே பழைய பாட்டின் முதல் சொற்களை வைத்தார்கள். கேட்டவர்கள் ராஜாவின் பாட்டைத் தேடிப் போனார்கள். என் கடையிலேயே ‘நிழல்கள்’ சிடி கேட்டு இருபது வயதுப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் எடுத்ததன்மேல் தங்கள் உழைப்பைச் சேர்த்தார்கள். நான் எதைச் சேர்த்தேன்? ஒரு உறையும் ஐந்து வெள்ளி விலைச்சீட்டும்.

‘வல்லவன்’ அலை அடித்த கையோடு ஊருக்கு ஊர் பையன்கள் குழு ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு மூவர் என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் கிடங்கு வேலை, ஒருவர் மோட்டார் பட்டறை, இன்னொருவர் கல்லூரி மாணவர். முந்தைய தலைமுறையில் மூவர் குடும்பமும் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, ஒரு மைக்கை வைத்து ஆறு பாட்டு பதிவு செய்திருந்தார்கள். தைப்பூசத்தில் உறவினர் ஒருவரின் உறுமி மேளக் குழு அடித்ததைக் கைபேசியில் பிடித்து, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஃப்ரூட்டி லூப்ஸில் சுழலவிட்டிருந்தார்கள். கைபேசிப் பதிவுக்கே உரிய கரகரப்போடு அந்த உறுமி இழுத்து இழுத்து வரும், அதன்மேல் மூன்று குரல் மாறி மாறி ஏறும். நான் அதுவரை கேட்காத ஒலி.

அந்தப் பாட்டின் முதல் இருபது விநாடியில் இசை எதுவும் இல்லை. மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரைச் சொல்வார்கள். பிறகு குழுவின் பெயர். கடைசியாக, இப்போது இல்லாமல் போன அந்தத் தோட்டத்தின் பெயர். அதற்குப் பிறகுதான் உறுமி எழும். ராப்பில் இப்படிப் பெயர் சொல்வது அலங்காரம் இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றியதிலிருந்துதான் ஹிப்ஹாப் வரலாற்றைத் தொடங்குவார்கள். அங்கே மைக் பிடித்த கோக் லா ராக் செய்த வேலையே கூட்டத்தில் இருந்த நண்பர்களின் பெயரைக் கூவிச் சொன்னதுதான். பத்திரிகையிலோ திரையிலோ பெயர் வராதவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்ள எழுந்த கலை அது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். கடைக்கு வரும் பையன்களுக்கு நானே கதையாகச் சொல்வேன்.

வெள்ளைத் தட்டில் மார்க்கர் பேனாவால் குழுவின் பெயரை எழுதி, ஒரு கட்டு சிடி கொண்டுவந்திருந்தார்கள். “அண்ணே, பத்து வெள்ளிக்குப் போடுங்க. வித்தா காசு குடுங்க, விக்கலன்னா திருப்பி எடுத்துக்கிறோம்” என்றார்கள். சரி தம்பி என்றேன். சிடிகளை முன்பக்க அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன், குனிந்தால் மட்டும் தெரியும் இடத்தில். அன்று இரவே உறுமிப் பாட்டை எம்பி3 ஆக்கி, நூற்றைம்பது பாட்டு அடங்கிய என்னுடைய கலவை சிடியில் சேர்த்தேன்.

இரண்டு வேலை செய்தேன். முதலாவது, சவுண்ட் ஃபோர்ஜில் பாட்டைத் திறந்து அந்த இருபது விநாடியை வெட்டினேன். வண்டி ஓட்டுபவர்களுக்குத் தாளம் எடுத்த எடுப்பிலேயே வேண்டும், பேச்சு வந்தால் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது என் கணக்கு. இரண்டாவது, எம்பி3 கோப்புக்குள் பாடியவர் பெயர் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. அதில் என் கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தட்டச்சு செய்தேன். பாட்டு ஓடும்போது கார் பிளேயரின் திரையில் அது ஊர்ந்து போகும். செலவில்லாத விளம்பரம். ‘வல்லவன்’ பாட்டுகளுக்கும் இதையே செய்தேன். ஆனால் யோகி பி குழுவின் பெயரை வானொலி சொன்னது, சுவரொட்டி சொன்னது, ஆயிரம் பேர் சொன்னார்கள். இந்தப் பையன்களுக்கு அந்த ஒரு கோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பாட்டு பரவியது. லோரி, பேருந்து, கல்யாண விருந்து, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பலகாரம் விற்கும் வேன் என்று எங்கும் கேட்டேன். அடித்தட்டில் இருந்த அவர்களுடைய சிடி பெரும்பாலும் அப்படியே கிடந்தது. ஐந்து வெள்ளிக்கு நூற்றைம்பது பாட்டில் ஒன்றாகக் கிடைக்கும்போது யார் குனிந்து பார்ப்பார்கள்?

ஒரு நாள் பட்டறையில் வேலை செய்த பையன் வந்தார். பழுதுக்கு வந்த ஒரு புரோட்டோன் விரா காரில் அவருடைய பாட்டு ஓடியிருக்கிறது. கோபமாக வரவில்லை, குழப்பமாகத்தான் வந்தார். “அண்ணே, அது எங்க பாட்டுண்ணே. ஸ்க்ரீன்ல உங்க கடைப் பேரு ஓடுது. முன்னாடி நாங்க பேசினதும் இல்ல” என்றார். “பாட்டு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு இல்ல, அதைப் பாரு தம்பி” என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். “எங்க பாட்டுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கண்ணே” என்றார். நான் கல்லாவைத் திறந்து இருபது வெள்ளி எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

அதன்பிறகு செய்ததுதான் பெரிய குற்றம். தீபாவளிக் கலை இரவுக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். உறுமி வருகிற அந்த ராப் யாருடையது, மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்றார். அவர் கையில் இருந்தது என் கலவை சிடி. பையன்கள் என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தார்கள். அவர்களைக் கைகாட்டினால் பேச்சு எங்கே போகும் என்று எனக்கு உடனே ஓடியது. சிடி எங்கே வாங்கினீர்கள், அதில் ஏன் உங்கள் பெயர் இல்லை, கடைக்காரன் எத்தனை விற்றிருப்பான் என்று கேள்வி வளரும். “தெரியலண்ணே, இந்தியாவுல இருந்து வந்த பாட்டு” என்றேன். அவர் நம்பிப் போய்விட்டார். அந்த மேடையில் வேறு யாரோ ஏறினார்கள்.

ஒரு சின்னக் குழுவின் பொருளாதாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பொய்யின் எடை புரியும். இந்த நாட்டில் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய இருபது லட்சம் பேர். அதில் தமிழ் ராப் கேட்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவ்வளவு சிறிய சந்தையில் சிடி விற்ற காசு அடுத்த பதிவுக்கே போதாது. வயிறு நிறைவது மேடையில்தான். ஒரு மேடை கிடைத்தால் இன்னொன்று வரும், வானொலியில் ஒருவர் கேட்பார், நல்ல ஸ்டூடியோவில் சில மணி நேரம் வாடகைக்கு எடுக்கலாம், வீட்டில் அம்மாவிடம் இது வீண்வேலை இல்லை என்று காட்டலாம். இவ்வளவுக்கும் முதல் படி, பாட்டையும் ஆளையும் சேர்த்துவைக்கும் பெயர். அந்தப் படியைத்தான் நான் உடைத்தேன்.

கல்லூரி முடித்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். கிடங்கில் இருந்தவருக்குக் கல்யாணம் ஆனது. குழு பேச்சுமூச்சில்லாமல் நின்றுபோனது. விற்காத சிடிகளைத் திருப்பி எடுக்கக்கூட யாரும் வரவில்லை. கடையைக் கைபேசிக் கடையாக மாற்றியபோது அவற்றை மற்ற குப்பையோடு சேர்த்து வெளியே போட்டேன். அதன்பிறகும் சில வருடம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் வேலை செய்தேன். அதிலும் அந்த உறுமிப் பாட்டு இருந்தது, என் கடைப் பெயரோடு.

‘வல்லவன்’ மூவரும் அந்தத் தொகுப்போடு என் காதுக்குத் தனித்தனியாகிவிட்டார்கள். யோகி பி-யின் குரலை 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ மறுகலவையில் கேட்டேன், 2011-இல் ‘ஆடுகள’த்தில் கேட்டேன், 2017-இல் ‘விவேக’த்தின் ‘சர்வைவா’வில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே உறுத்தியது. அவருக்கு என் திருட்டைத் தாண்டி நிற்கும் அளவுக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. எவ்வளவு எடுத்தாலும் அது தீர்ந்துபோகவில்லை. ஒரே ஒரு பாட்டில் மட்டும் பெயர் வைத்திருந்தவர்களிடம் நான் எடுத்தது முழுவதையும்.

அண்மையில் பட்டறைக்காரரைத் தேடிப் போனேன். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தீபாவளி மேடையைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. கேட்டுவிட்டு, கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தார். நான் கொண்டுபோன பணத்தை வாங்க மறுத்தார். “பாட்டு இருக்காண்ணே?” என்று கேட்டார். அவர்களுடைய கணினியின் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. மூவரிடமும் ஒரு பிரதி இல்லை. மகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பல நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

என்னிடம் இருந்தது. பழைய கணினியில், நான் வெட்டிய வடிவத்தில். பாடியவர் பெயர்க் கட்டத்தில் இருந்த என் கடைப் பெயரை அழித்துவிட்டு அவர்கள் பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்த இருபது விநாடி என்னிடம் இல்லை. மூன்று குரலும் சொன்ன பெயர்களும், தோட்டத்தின் பெயரும் போனது போனதுதான். அவருக்கு நான் பட்ட கடனில் இந்தப் பகுதியை என்னால் அடைக்கவே முடியாது. மற்ற ஐந்து பாட்டை நான் நகல் எடுத்தே வைக்கவில்லை. ஓடுகிற சரக்கு இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் சில பேர் குனிந்து பார்த்து அவர்களுடைய சிடியை வாங்கினார்கள். நான் விற்றேன், பையன்களுக்கு அதற்கான காசும் கொடுத்தேன், ஆகவே அந்தத் தட்டுகள் எங்கோ இருக்கின்றன. 2006-க்குப் பிறகான அந்தச் சில வருடங்களில் கிள்ளானிலோ, ஈப்போவிலோ, சிரம்பானிலோ மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய உள்ளூர் ராப் சிடி ஏதாவது பத்து வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தால், தயவுசெய்து அலமாரியில் தேடிப் பாருங்கள். தட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள், அந்த ஆட்களைக் கண்டுபிடியுங்கள், முதல் விநாடியிலிருந்து வெட்டாமல் ஒரு பிரதி எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் சரி. என்னைப் போன்ற கடைக்காரர்கள் அப்போது ஊருக்கு ஒருவராவது இருந்தோம்.